முதுகு ஒடியாமல் ஒரு காப்பி!

ப்ராஜெக்ட் சீஸன் ஆரம்பிச்சாச்சு ஃப்ரெண்ட்ஸ். இந்தப் பக்கத்துக்கு வர்ற கேள்விகளும் ரூட்டை மாத்தியாச்சு. லைப்ரரியில் ஆராய்ச்சி பண்றவங்ககிட்டேயிருந்து திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இதுதான்: ‘‘வெளியூர்லேர்ந்து சென்னைக்கு வந்து ரெண்டே ரெண்டு நாள்தான் லைப்ரரியில் உட்கார முடியும். பழைய புத்தகம்கிறதால ஜெராக்ஸ் மெஷின்ல வைக்க விட மாட்டேங்கறாங்க. கையால எழுதினா சாயங்காலத்துக்குள்ள பத்துப் பக்கம் தாண்ட மாட்டேங்குது. பையில போட்டு எடுத்துட்டுப் போற மாதிரி ஒரு ஸ்கேனர் சொல்லுங்களேன்!’’

சொல்லிடலாம். ஆனா கடைக்காரர்கிட்ட ‘இதுல எத்தனை டிபிஐ?’ன்னு கேட்கறதுக்கு முன்னாடி, நீங்க காப்பி எடுக்கப் போற புத்தகத்துகிட்ட ஒரு கேள்வி கேட்கணும். ‘நீ எவ்வளவு தூரம் விரிவே?’ அதுக்கு வர்ற பதில்தான் எந்த மெஷின்னு முடிவு பண்ணும்.

லைப்ரரியன் ஏன் முறைக்கிறார்?

ஜெராக்ஸ் மெஷின்ல புத்தகத்தைக் குப்புறப் போட்டு, மேல மூடியை வெச்சு ஒரு அமுக்கு அமுக்குவோம் இல்லையா? அந்த அமுக்கு முழுக்க விழறது புத்தகத்தோட முதுகுல. புதுப் புத்தகம் தாங்கிடும். நூறு வருஷத்துப் புத்தகம்? ‘டப்’னு ஒரு சத்தம்... தையல் போச்சு!

காரணம் வயசு மட்டும் இல்லை, பேப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டோட நடுவுல மரக்கூழ்ல பேப்பர் பண்ண ஆரம்பிச்சாங்க. மை ஊறாம இருக்கறதுக்காகப் படிகாரமும் பிசினும் சேர்த்தாங்க. அதுலேர்ந்து வர்ற அமிலம், பேப்பரை உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுடும். அதனாலதான் அந்தக் காலத்துப் புத்தகங்களைத் திறந்தா பக்கங்கள் பழுப்பேறி, முனையை மடக்கினாலே அப்பளம் மாதிரி ஒடியுது. அதுக்கு முன்னாடி துணிக் கந்தல்ல பண்ணின பேப்பர் பல இடங்கள்ல இன்னும் திடமா இருக்கு. ஆக, 1920-ல அச்சான புத்தகம், 1820-ல அச்சானதைவிட பலவீனமா இருக்கலாம்!

இன்னொரு விஷயம். நீங்க கையில் வெச்சிருக்கிறது, கிடைக்கக்கூடிய கடைசி ஒரு சில பிரதிகள்ல ஒண்ணா இருக்கலாம். சென்னை தரமணியில் இருக்கிற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை எடுத்துக்குங்க. காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல சைன்போர்டு வரைஞ்சுக்கிட்டிருந்த ரோஜா முத்தையா, தனி மனுஷனா சேர்த்து வெச்ச புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள்தான் அந்த நூலகத்தோட அஸ்திவாரம். அவர் 1992-ல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, அதை இங்கேயே வெச்சு 1994-ல் நூலகமா உருவாக்கினாங்க. அங்கே முதல் வேலைகள்ல ஒண்ணா நடந்தது மைக்ரோஃபிலிம் எடுக்கறது. ஏன்? புத்தகம் கையில உதிர்ந்துடறதுக்குள்ள உள்ளே இருக்கறதையாவது காப்பாத்தணுமே!

ஒருத்தர் காலம் பூரா சேர்த்து வெச்சதை, நாம ஒரு சேப்டருக்காக ஒடிச்சுட்டு வரக் கூடாது. லைப்ரரியன் முறைக்கறதோட அர்த்தம் அவ்வளவுதான்.

முதல்ல ஒரு தேடல்

பஸ் டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. உங்களுக்கு வேணும்கிற புத்தகத்தை ஏற்கெனவே யாராவது ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்களான்னு பாருங்க. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட தமிழ் மின் நூலகத்துல பழைய புத்தகங்களும் இதழ்களும் பக்கம் பக்கமா படமா இருக்கு. 1998-ல் தொடங்கின மதுரைத் திட்டத்துல இலக்கியங்கள் எழுத்து வடிவத்திலேயே கிடைக்குது. இலங்கைத் தமிழ்ப் புத்தகம், பத்திரிகைன்னா 2005-லேர்ந்து இயங்கற ‘நூலகம்’ தளத்தைத் தட்டிப் பார்க்காம எங்கேயும் கிளம்பாதீங்க. ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’லயும் தமிழ்ப் புத்தகங்கள் குவிஞ்சு கிடக்கு.

தேடும்போது ஒரே ஸ்பெல்லிங்கைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. பழைய அட்டையில் ‘சரித்திரம்’ ‘சரித்ரம்’னு இருக்கும், ‘ஜ’வுக்குப் பதிலா ‘ச’ இருக்கும். நாலு விதமா அடிச்சுப் பாருங்க. பத்துல ரெண்டு புத்தகம் இப்படி வீட்டிலேயே கிடைச்சாலும், சென்னையில அரை நாள் மிச்சம்!

கடையில என்ன இருக்கு?

இப்போ மெஷின் விவகாரம். கையில தூக்கிட்டுப் போற மாதிரி விக்கறதை அஞ்சு வகையா பிரிக்கலாம்.

கோல் ஸ்கேனர்: ஒரு அடி ஸ்கேல் மாதிரி இருக்கும். பக்கத்தோட மேலே வெச்சு, கீழே வரைக்கும் இழுக்கணும். மெமரி கார்டுல படம் ஏறிடும். கம்ப்யூட்டர் வேண்டாம், எடை கம்மி. பார்க்க சூப்பர்! ஆனா அடியில ஒரு ரோலர் இருக்கு. அது பக்கத்து மேல உரசிக்கிட்டேதான் உருளும். உதிரித் தாள், புது ஜர்னல், வழவழன்னு இருக்கிற பேப்பர்னா ஓகே. அப்பளப் பேப்பர்னா ரோலர் இழுக்கும்போதே கிழியும். நடு மடிப்புக்கிட்ட பக்கம் வளையற இடத்துல எழுத்தும் கோணிக்கும். கை ஒரே வேகத்துல போகலைன்னா வரிகள் நெளியும். அரிய நூல் பிரிவுல இதைப் பையிலேர்ந்து எடுக்கவே வேண்டாம்.

தட்டை ஸ்கேனர்: லேப்டாப் யுஎஸ்பியிலேயே கரன்ட் எடுத்துக்கற மெல்லிசான ரகம். இதுல பெரும்பாலும் இருக்கறது ‘சிஐஎஸ்’ங்கற சென்சார். கண்ணாடியை ஒட்டி இருக்கிற எழுத்து பளிச்சுன்னு விழும். கண்ணாடியை விட்டுக் கொஞ்சம் எழும்பினாலே மங்கிடும். அதனால நடு மடிப்புல இருக்கிற எழுத்து வேணும்னா புத்தகத்தை அமுக்கியே ஆகணும். திரும்பவும் அதே ‘டப்’! ‘பிளஸ்டெக்’ மாதிரி சில கம்பெனிகள் கண்ணாடியை மெஷினோட விளிம்பு வரைக்கும் கொண்டு வந்து, புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து தொங்கவிடற மாதிரி பண்ணியிருக்காங்க. ஐடியா நல்ல ஐடியா. ஆனா அதைத் தூக்கிட்டு மாநகரப் பேருந்துல ஏறிப் பாருங்க, தெரியும்!

கை நீட்டின ஸ்கேனர்: டேபிள் லாம்ப் மாதிரி நின்னு மேலேர்ந்து படம் எடுக்கும். புத்தகத்தைத் தொடவே தொடாது. பக்கத்தோட வளைவைச் சாஃப்ட்வேர் நிமிர்த்திடும். ‘சீஸர்’, ‘ஸ்கேன்ஸ்னாப்’ பிராண்டுகள் இந்த வகையில பிரபலம். வருஷக் கணக்குல ஆராய்ச்சி பண்றவங்களுக்கும், டிபார்ட்மென்ட்டுக்குப் பொதுவா ஒண்ணு வாங்கறவங்களுக்கும் சரி. ஆனா டேபிள்ல இடம், ப்ளக் பாயின்ட், நூலகத்தோட தனி அனுமதின்னு மூணும் வேணும்.

பேனா ஸ்கேனர்: ஒவ்வொரு வரியா தேய்ச்சு எழுத்தாவே மாத்தித் தரும். மேற்கோள் மட்டும் எடுக்க வசதி. ஆனா அந்த மாடல் தமிழைப் படிக்குதான்னு கடையிலேயே ஒரு தமிழ்ப் பக்கத்தைக் காட்டிச் சோதிச்சுட்டு வாங்குங்க. அதுவும் பக்கத்தைத் தொட்டுத்தான் ஆகணும்.

அஞ்சாவது, உங்க பாக்கெட்டுல இருக்கிற செல்போன். சிரிக்காதீங்க பாஸ், கணக்கு இருக்கு!

கணக்கு போடலாமா?

ஸ்கேன் பண்ணின எழுத்து தெளிவா இருக்கணும், பின்னாடி கம்ப்யூட்டர் அதைப் படிக்கணும்னா பொதுவா 300 டிபிஐ போதும். அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி. நம்ம ஊர் டெமி சைஸ் புத்தகத்தோட ஒரு பக்கம் சுமார் ஐந்தரை அங்குல அகலம், எட்டரை அங்குல உயரம். பெருக்கினா 1650-க்கு 2550 புள்ளி. நாற்பத்திரண்டு லட்சம் புள்ளி, அதாவது நாலே கால் மெகாபிக்ஸல்கூட இல்லை! சாதாரண 12 மெகாபிக்ஸல் கேமரா தர்றது 4000-க்கு 3000. ரெண்டு பக்கத்தை ஒண்ணா எடுத்தாலும் ஓரத்தை வீணடிக்காம ஃப்ரேம் முழுக்க நிறைச்சா 300 டிபிஐ வந்துடும்.

அதனால ‘1200 டிபிஐ’ன்னு அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்துல போட்டிருக்கறதைப் பார்த்து மயங்காதீங்க. ஃபோட்டோ நெகட்டிவுக்கு அது வேணும். புத்தகத்துக்கு ஃபைல் சைஸ்தான் ஏறும்.

டைம் கணக்கும் பார்த்துடலாம். தட்டை ஸ்கேனர்ல பக்கத்தைத் திருப்பி, வெச்சு, ஓடவிட்டு எடுக்கப் பக்கத்துக்கு அரை நிமிஷம்னு வெச்சுக்குங்க. 240 பக்கத்துக்கு ரெண்டு மணி நேரம். செல்போன்ல ஒரு படத்துக்குப் பத்து செகண்ட்னா நாற்பதே நிமிஷம். ரெண்டு நாள் மட்டுமே கையில் இருக்கிறவங்களுக்கு இது சும்மா வித்தியாசம் இல்லை. மூணு புத்தகத்தோட வித்தியாசம்!

எடுக்கற விதத்துல எடுத்தா...

ஆனா நம்மாளுங்க கேன்டீன் பில்லை எடுக்கற மாதிரி ‘க்ளிக்’ பண்ணிட்டு வந்துடறாங்க. ஹாஸ்டலுக்குப் போய்ப் பெரிசு பண்ணிப் பார்த்தா, நடு மடிப்புல பாதி வரி கறுப்பு நிழலுக்குள்ள காணாமப் போயிருக்கும். அதுக்குச் சில எளிய டிப்ஸ்.

புத்தகத்தைப் படக்குனு தட்டையா விரிக்காதீங்க. ‘வி’ எழுத்து மாதிரி, அது தானா விரியற அளவுக்கு மட்டும் திறங்க. ரெண்டு பக்கமும் அணை கொடுக்கணும். நூலகத்துல ஸ்பான்ஜ் தாங்கி இருந்தா கேட்டு வாங்குங்க. இல்லைன்னா சுருட்டின ரெண்டு சுத்தமான டவல் போதும். இப்போ வலது பக்கங்களை மட்டும் வரிசையா எடுத்துட்டு, அப்புறம் திரும்பி வந்து இடது பக்கங்களை எடுங்க. ஒவ்வொரு தடவையும் கேமராவைச் சாய்க்க வேண்டியதில்லை, பக்கமும் கேமராவும் நேருக்கு நேர் இருக்கும்.

ஃப்ளாஷுக்குத் தடா. பழைய நூல் பிரிவுகள்ல அதுக்கு அனுமதி கிடைக்காது. வழவழ பேப்பர்ல வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற சீட்டைக் காலையிலேயே போய்ப் பிடிங்க. உங்க தலை நிழல் பக்கத்து மேல விழாம உட்காருங்க. சின்ன ஸ்டாண்டு ஒண்ணு இருந்தா ரெண்டு கையும் பக்கம் திருப்ப ஃப்ரீ. பல போன்கள்ல ஹெட்செட்டோட வால்யூம் பட்டனே ஷட்டரா வேலை செய்யும். ஷட்டர் சத்தத்தை அணைச்சுடுங்க. பக்கத்து சீட்டுக்காரரும் ப்ராஜெக்ட்தான் பண்றார்!

ரொம்ப முக்கியம்: புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடியே, அங்கேயே, படங்களைப் பெரிசு பண்ணிப் பாருங்க. முதல் படம், நடுப் படம், கடைசிப் படம்னு நிறுத்தாம பக்க எண் ஒவ்வொண்ணா வருதான்னு ஓட்டுங்க. ஒட்டிக்கிட்ட ரெண்டு பக்கம் சேர்ந்து புரண்டிருந்தா அப்பவே எடுத்துடலாம். ஊருக்குப் போன பிறகு தெரிஞ்சா, அந்த ஒரு பக்கத்துக்காக இன்னொரு டிக்கெட்!

சாயங்காலமே ரெண்டு இடத்துல சேமிங்க. 2020 ஜூன்ல மத்திய அரசு தடை செஞ்ச 59 ஆப்கள்ல, ஸ்டூடன்ட்ஸ் நிறையப் பேர் நம்பியிருந்த ‘கேம்ஸ்கேனர்’ஐயும் சேர்த்துட்டாங்க. ஆப்புக்குள்ள மட்டும் வெச்சிருந்தவங்க பாடு திண்டாட்டம். எந்த ஆப்ல எடுத்தாலும் சரி, படமாவோ பிடிஎஃப்பாவோ வெளியே எடுத்து உங்க பென் டிரைவ்ல ஒண்ணு, வேற இடத்துல ஒண்ணு.

முதல் க்ளிக் எதுக்கு?

தேவையான சேப்டரை மட்டும் எடுத்துட்டு ஓடி வர்றவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு கைடுகிட்டேயிருந்து வர்ற கேள்வி: ‘‘இது எந்தப் பதிப்பும்மா?’’ அப்போ முழிக்கக் கூடாதுன்னா, முதல் க்ளிக் தலைப்புப் பக்கம். ரெண்டாவது, அச்சகம், ஆண்டு, விலை இருக்கிற பக்கம். மூணாவது, நூலகத்தோட அழைப்பு எண். அப்புறம்தான் உள்ளே போகணும்.

பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல இதுக்கு இன்னும் அவசியம் உண்டு. பலதுல வெறும் தமிழ் வருஷப் பேர்தான் இருக்கும். அறுபது வருஷச் சக்கரம் அது. ‘பார்த்திப வருஷம்’னு மட்டும் போட்டிருந்தா, 1885-ஆ, 1945-ஆ? அச்சகத்தோட பேர், விலை, முன்னுரையில் யாருக்கு நன்றி சொல்லியிருக்காங்க... இதையெல்லாம் வெச்சுத்தான் கண்டுபிடிக்க முடியும். அதெல்லாம் இருக்கறது நீங்க எடுக்காம விட்ட முன் பக்கங்கள்லதான். சில புத்தகங்கள்ல பக்க எண்ணே தமிழ் எண்ணா இருக்கும். மேலே ‘உ’ மாதிரி ஒண்ணு இருந்தா பிள்ளையார் சுழின்னு கும்பிட்டுட்டுப் போயிடாதீங்க, அது ரெண்டாம் பக்கமா இருக்கலாம்!

படத்தை எழுத்தா மாத்தற ‘ஓசிஆர்’ வசதி தமிழுக்கும் வந்தாச்சு. கூகுள் டிரைவ்ல படத்தை ஏத்தி டாகுமென்ட்டா திறந்தா எழுத்தா வரும். இலவசமா கிடைக்கற ‘டெஸராக்ட்’டுக்கும் தமிழ் தெரியும். ஆனா 1978-ல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வர்றதுக்கு முன்னாடி அச்சானதுல ‘லை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கையோடதான் இருக்கும். ‘றா’, ‘னா’வும் வேற உருவம். புது எழுத்தைப் படிச்சுப் பழகின மெஷின் அங்கே தடுமாறும். அதனால எழுத்தா மாத்தினதைத் தேடறதுக்கு வெச்சுக்குங்க. மேற்கோள் காட்டும்போது படத்தைப் பார்த்து நீங்களே சரிபாருங்க.

சட்டம் என்ன சொல்லுது?

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தோட 52-வது பிரிவு, ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவுல காப்பி எடுத்துக்க இடம் கொடுக்குது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை மேல பெரிய பதிப்பகங்கள் 2012-ல் போட்ட வழக்கு ஞாபகம் இருக்கா? பாடத்துக்காக மாணவர்களுக்கு எடுத்துக் கொடுக்கற காப்பி, சட்டம் கொடுத்த விலக்குக்குள்ள வரும்னு 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிச்சு. 2017-ல் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிட்டாங்க. எழுதினவர் இறந்து 60 வருஷம் தாண்டிட்டா பதிப்புரிமைப் பிரச்னையே இல்லை.

ஆனா போன வருஷம் வந்த புத்தகத்தை முழுசா எடுத்துக் குரூப்ல தட்டிவிடறது ஆராய்ச்சி ஆகாது. அதோட, சட்டம் வேற, நூலகத்து விதி வேற. எத்தனை பக்கம் எடுக்கலாம், கேமராவுக்குக் கட்டணம் உண்டா, அவங்களே எடுத்துத் தருவாங்களா... ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு வழக்கம். கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டுக் கேட்டுட்டு, துறைத் தலைவர்கிட்ட ஒரு கடிதம், போனஃபைட், ஐ.டி. கார்டு மூணையும் பையில வைங்க. ஸ்கேனரைவிட இது முக்கியமான ஐட்டம்!

சரி, என்னதான் வாங்கறது?

ரெண்டு நாள் பயணம், பழைய புத்தகம்னா ஸ்கேனரே வாங்க வேண்டாம். இருக்கிற போன், ஒரு சின்ன ஸ்டாண்டு, ஒரு பவர் பேங்க், ரெண்டு டவல். முடிஞ்சது. உதிரித் தாள்களும் புது ஜர்னல்களும்தான் உங்க வேலைன்னா கோல் ஸ்கேனர் லாபம். மூணு நாலு வருஷ ஆராய்ச்சின்னா, நாலு பேர் சேர்ந்து கை நீட்டின ஸ்கேனர் ஒண்ணு வாங்கிப் பகிர்ந்துக்கலாம். இல்லைன்னா துறைத் தலைவர்கிட்ட கேட்டுப் பாருங்க, டிபார்ட்மென்ட்டுக்கு ஆகும்.

எடுத்துட்டு வந்ததைப் படிக்கவும் செய்யணும், அது தனிக் கதை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ‘இதை ஏன் எடுத்தேன்?’னு ஒரு வரி அன்னிக்கே எழுதி அதே ஃபோல்டர்ல போட்டு வைங்க. இல்லைன்னா அடுத்த வருஷம் அந்த ஃபோல்டரைத் திறக்கவே பயமா இருக்கும்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, வாங்கினப்ப எப்படி இருந்ததோ அப்படியே கொடுங்க. உங்க பேருக்கு அடுத்த வரியில கையெழுத்துப் போடப் போறது, அதே புத்தகத்துக்காக இன்னொரு ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சு வர்ற யாரோ ஒரு ஜூனியர்தான்!

அடுத்த வாரம் பார்க்கலாம்.